இரண்டு சாட்சி போதாத வானம்

சிலி நாட்டில் எங்களை முதலில் வரவேற்றது ஒரு நாய். முதுகில் பச்சைத் துணி கட்டிய, நல்ல வளர்ப்பு நாய். விமான நிலையத்து வரிசையில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து தாண்டி வந்தது. என் பைக்கு முன்னால் வந்ததும் சப்பென்று உட்கார்ந்துகொண்டது. பிடித்து இழுத்தும் நகரவில்லை.

அதிகாரி ஒரு பெண்மணி. பையைத் திறந்தார். செய்தித்தாள், அதற்குள் பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு செய்தித்தாள், அதற்குள் மரக்காணத்து நெத்திலிக் கருவாடு. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

"எத்தன தடவ சொன்னேன், சாப்பாட்டுச் சாமான் எதுவும் எடுத்துட்டு வராதன்னு?" என்றாள் தங்கை பர்வீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்க எடுத்துட்டு வந்தேன்? அம்மா வச்சாங்க."

கருவாடு போனது. மாங்காய் ஊறுகாய் போனது. புழுங்கல் அரிசியும் போனது. கடைசியாக ஒரு சேமியா பாக்கெட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதை மட்டும் திரும்பக் கொடுத்தார் அந்த அம்மாள். நோன்புப் பெருநாள் அன்றைக்கு நாங்கள் அந்த நாட்டில்தான் இருப்போம் என்று கணக்குப் போட்டு அம்மா வைத்தது அது. நாய்க்கு சேமியாவில் அக்கறை இல்லை.

நான் ஏன் சிலிக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை தனியாகப் போகக் கூடாது என்பதால் போனேன். வேறு காரணம் கிடையாது. பர்வீன் பெங்களூரில் வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சிலியின் மலையொன்றில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் அவளுக்கு இரண்டு இரவுகள் ஒதுக்கியிருந்தார்கள். கூட வரவேண்டிய அவளுடைய சாருக்கு டைபாய்டு. எங்கள் வீட்டு வழக்கப்படி, பெண் பிள்ளை தூரப் பயணம் போனால் தகப்பனோ கூடப்பிறந்தவனோ புருஷனோ துணைக்குப் போகவேண்டும். அத்தா மௌத்தாகிப் பல வருஷம். புருஷன் இன்னும் வரவில்லை. மிச்சம் நான்.

"வீட்டுல ஒரு வேலைக்கும் ஆக மாட்டான். எந்த ஊருக்குன்னாலும் ஆவான். இவனையே கூட்டிட்டுப் போ," என்று அம்மா சொல்லிவிட்டது.

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் மரக்காணம் உப்பளத்தில் இரண்டு சீசன் உப்பு வாரினேன். லாரியில் கிளீனராகப் போனேன். ஷார்ஜாவில் ஏசி குழாய்க்குத் தகடு வெட்டினேன். திரும்பி வந்து குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் சமைத்தேன். அங்கே ஒரு ஸ்பெயின் குடும்பத்துக்கு ஒரு வருஷம் சோறு போட்டதில் அவர்கள் பாஷையில் சாப்பாட்டு வார்த்தைகளும் திட்டும் வார்த்தைகளும் பழகிவிட்டன. ஒரு நாட்டில் பிழைக்க அது போதும்.

மறுநாள் பேருந்தில் வடக்கே போனோம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, புல் இல்லை, ஆடு இல்லை. நம் ஊரில் பேருந்து நின்றால் வேர்க்கடலைக்காரராவது ஏறுவார். இங்கே நிற்பதற்கே ஓர் இடம் இல்லை. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"புருஷன் பெண்டாட்டியா?"

"இல்லையடி, ஒரே முகம். அண்ணன் தங்கை. அந்தக் குண்டன் சாப்பாட்டையெல்லாம் அவனே தின்றுவிடுவான் போல."

குண்டன் என்ற வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். குயிலாப்பாளையத்தில் அந்த ஸ்பெயின் குழந்தைகள் எனக்கு வைத்த பெயரே அதுதான். திரும்பி, "இன்றைக்குக் காலையிலிருந்து குண்டன் ஒன்றும் சாப்பிடவில்லை," என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள்.

பயணிகளுக்கு நோன்பில் விலக்கு உண்டு. ஆனாலும் பிடித்தோம். விட்டால் வேறொரு மாதத்தில் தனியாகப் பிடிக்கவேண்டும், அது இதைவிடக் கஷ்டம்.

சாயங்காலம் டயர் வெடித்தது. ஓட்டுநர் இறங்கி, டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, சிகரெட் பற்றவைத்தார். மாற்று டயர் அடுத்த பேருந்தில்தான் வரும் என்றார். சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. நான் நேராக அதில் போய் நின்றேன். உப்பு. ஒரு துண்டை உடைத்து எடுத்துப் பார்க்கலாம் என்றால் உடையவில்லை. நம் உப்பு ஈரமாக இருக்கும், பலகை வைத்து வாரினால் ஒதுங்கி வரும். இது சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. இதற்குக் கடப்பாரைதான் வேண்டும். போன வருஷக் கடைசியில் சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன பிறகு எங்கள் பாத்திகளில் இருந்த சேற்றை அள்ளவே ஒரு சீசன் போயிற்று. இங்கே கடலும் இல்லை, அள்ள ஆளும் இல்லை. உப்பு மட்டும் சும்மா கிடக்கிறது.

சூரியன் இறங்கியதும் பர்வீன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். எதிர் சீட்டுப் பெண்கள் நாங்கள் காத்திருந்ததைக் கவனித்திருக்கிறார்கள். கேட்காமலே ரொட்டியும் பீச் பழமும் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். "சாப்பிடு குண்டா," என்றாள் பெரியவள். பேரீச்சம்பழம் இல்லாமல் நான் நோன்பு திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தப் பாழ் வெளியில் உட்கார்ந்துதான் பர்வீன் தன் வேலையை எனக்குப் புரியும்படி சொன்னாள். அதுவரை நான் கேட்டதும் இல்லை.

"அண்ணே, ராத்திரி உப்பளத்துல நின்னு ஈசிஆர் ரோட்டப் பாத்தா என்ன தெரியும்?"

"வெளிச்சம் தெரியும்."

"ஒரு எடத்துல அஞ்சாறு வெளிச்சம் கொத்தா தெரியுது. அது ஒரு கல்யாண மண்டபமா? இல்ல, கிட்ட ஒரு பைக்கு, அதுக்குப் பின்னால லாரி, அதுக்கும் பின்னால யாரோ வீட்டு லைட்டு, எல்லாம் ஒரே நேர்ல நிக்குதா? இங்கேர்ந்து பாத்தா எப்டி சொல்லுவ?"

"கிட்ட போய்ப் பாக்கணும்."

"கிட்ட போவ முடியாது. அதான் என் வேல."

அவள் படங்களில் ஒரு கொத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கேலக்ஸி என்பது கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கூட்டம். அப்படிப்பட்ட கேலக்ஸிகள் பலது ஒரே இடத்தில் நெருங்கி நின்றால் அது கொத்து. மிகத் தூரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது என்பது அவள் கட்சி. ஒரு கூட்டத்தில் பெரிய ஆள் ஒருவர் அவளுடைய படத்தைப் பார்த்து, இது கொத்தே இல்லை, முன்னும் பின்னுமாக நிற்கிற சில்லறை என்று எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறார். நிஜமாகவே அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று காட்ட ஒவ்வொன்றின் தூரமும் வேண்டும். அதற்கு அந்தத் தொலைநோக்கி வேண்டும். அவளுடைய உதவித்தொகை சில மாதங்களில் முடிகிறது. இந்த இரண்டு இரவு போனால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் ஆகும், அதுவரை அவள் அங்கே இருக்க மாட்டாள்.

"தூரத்த எப்டி கண்டுபிடிப்ப?"

"வெளிச்சத்தப் பட்டையா விரிப்போம், வானவில் மாதிரி. அதுல கறுப்பா கோடு இருக்கும். எவ்ளோ தூரத்துலேர்ந்து வருதோ அவ்ளோ அந்தக் கோடு செவப்புப் பக்கமா தள்ளிப் போயிருக்கும்."

உப்பளத்தில் தண்ணீர் பாத்தி மாறி மாறி உள்ளே போகப் போகச் சிவந்துகொண்டே வரும். நிறத்தைப் பார்த்தே எத்தனையாவது பாத்தித் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். அந்த மாதிரியா என்றேன்.

"சுத்தமா வேற விஷயம்," என்றாள். பாட்டிலை மூடிக்கொண்டே, "ஆனா அப்டியே வச்சுக்கோ. மறக்காது," என்றாள்.

மலைக்கு மறுநாள் வேனில் ஏறினோம். உயரம் தாங்காமல் எனக்கு மூக்கில் ரத்தம் வந்தது. பஞ்சை வைத்துக்கொண்டேன். பர்வீனுடைய சூட்கேஸ் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாக விமானக் கம்பெனி சொன்னது. கம்பளி உடுப்பு எல்லாம் அதில். குளிர் என்றால் எலும்புக்குள் போகிற குளிர். நான் ஷார்ஜாவில் வாங்கிய புலிப் படம் போட்ட கம்பளியை வைத்திருந்தேன். உலகத்தின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றை என் தங்கை புலிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் நடத்தினாள்.

சமையல்கட்டில் தெரேசா என்ற அம்மாள். பன்றி கூடாது, எங்கள் முறைப்படி அறுக்காத மற்ற இறைச்சியும் ஆகாது என்று நான் கையைக் காலை ஆட்டிச் சொன்னதும், "அப்படியானால் மீன், முட்டை, பீன்ஸ். கவலைப்படாதே," என்றார். சோமாசி மாதிரி மடித்த ஒன்றுக்குள் வெங்காயம் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். பட்டர் ஃப்ரூட்டைக் கரண்டியால் மசித்து உப்புப் போட்டு ரொட்டியில் தடவினார். அதை நான் குயிலாப்பாளையத்தில் நூறு பேருக்குச் செய்திருக்கிறேன். எனக்கு யாரும் செய்து கொடுத்ததில்லை.

அங்கே எல்லோரும் பகலில் தூங்குகிறார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. விடிந்தால் படுத்து, சாயங்காலம் எழுந்து, ராத்திரி நடுவில் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு சுகமான நோன்பை நான் பிடித்ததே இல்லை. உப்பளத்தில் வேலை செய்த வருஷங்களில் நோன்பு கோடையில் வந்தது. உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும், உதடு வெடிக்கும், எச்சிலைக்கூட யோசித்து விழுங்கவேண்டும். இங்கே தூங்கி எழுந்தால் நோன்பு முடிந்திருக்கும். இது செல்லுமா என்று பர்வீனிடம் கேட்டேன். "தூங்கறது குத்தமில்ல. உனக்குப் புடிச்ச வேலதான," என்றாள்.

முதல் இரவு வீணாகப் போனது. மேகம் ஒரு துளி இல்லை, ஆனால் காற்று. ஒரு வேகத்துக்கு மேல் அடித்தால் தொலைநோக்கி இருக்கும் மண்டபத்தின் கூரையைத் திறக்கக் கூடாதாம். தொலைநோக்கியை ஓட்டுபவர் ரமோன் என்ற உள்ளூர்க்காரர், என் வயது. காற்றளக்கும் கருவியை அவர் பார்ப்பார், பர்வீன் அவரைப் பார்ப்பாள், நான் பர்வீனைப் பார்ப்பேன். விடியும்வரை அதுதான் நடந்தது. "நாளைக்குக் குறையும்," என்றார் ரமோன். "குறையாவிட்டால்?" என்று நான் கேட்டதற்கு, "குறையாவிட்டால் மிகவும் வருந்துவேன்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அது பதிலா?

அறைக்குத் திரும்பிய பர்வீன் அழவில்லை. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து துவா கேட்டேன்.

மறுநாள் சாயங்காலம் காற்று அடங்கியது. கூரை திறந்தது. அன்றைக்கு நோன்பு இருபத்தொன்பது. இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். தூரத்து கேலக்ஸிகள் மிக மங்கல். நிலா வெளிச்சம் இருந்தால் தெரியாது. அதனால் அவற்றைப் பார்க்கிறவர்களுக்கு அமாவாசையை ஒட்டித்தான் இரவு கொடுப்பார்கள். எங்கள் மாதம் பிறப்பதும் அமாவாசை கழிந்து பிறை தெரிந்தால்தான். இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. ஆகவே என் தங்கையின் இரவும் பெருநாள் பிறையும் ஒன்றாக வந்து நின்றன.

கீழே மலைகள், அதற்கப்பால் கடல்மேல் ஒரு மஞ்சள் கோடு. சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி பிறை தெரிந்தது. கண்ணாடி, கருவி எதுவும் இல்லாமல், வெறுங்கண்ணால் பார்த்தேன். பர்வீனும் பார்த்தாள். ரெண்டு பேரும் கையேந்தினோம். அவள் உள்ளே ஓடிவிட்டாள், வேலை இருந்தது.

நான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

அதுதான் நான் செய்த காரியம். மரக்காணத்தில் அப்போது மறுநாள் விடிவதற்கு முன். நோன்பு பிடிக்கிறவர்கள் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரம். மழைக்காலம், ஊரில் வானமே தெரியாது, யாரும் எதையும் பார்த்திருக்க முடியாது. "அம்மா, பெற பாத்தாச்சு! பெரிய டெலஸ்கோப்பு மலைமேல நின்னு பாத்தோம்!" என்று கத்தினேன். அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது. பக்கத்து வீடு எதிர்வீட்டில் சொன்னது. எங்கள் தெருவில் பாதிப் பேர், இன்று பெருநாள் என்று ஸஹர் சாப்பிடாமல் விட்டுவிட்டு அரிசியை ஊறப் போட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் உள்ளே போய்ப் பர்வீனுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரமோன் ஒரு மெல்லிய தகட்டைக் காட்டினார். உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலம். அதில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரு கீறல். அதன் வெளிச்சம் மட்டும் அந்தக் கீறல் வழியே நுழைந்து பட்டையாக விரியும். ஆறு வருஷம் தகடு வெட்டியவன் நான். அந்த மாதிரி வெட்டை நான் பார்த்ததில்லை. விரலால் தொடப் போனேன். "டேய் அண்ணே!" என்று பர்வீன் போட்ட சத்தத்தில் ரமோனே கையை எடுத்துவிட்டார்.

முதல் படம் திரையில் வருவதற்கு முன்னால் டெலிபோன் அடித்தது. ரமோன் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, குழம்பிய முகத்தோடு என்னிடம் நீட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஹஜ்ரத் பேசறேன்."

எங்கள் பள்ளிவாசல் இமாம். அவசரத்துக்கு என்று அம்மாவிடம் கொடுத்திருந்த நம்பரைப் பிடித்து, கடைத்தெரு டெலிபோன் பூத்தைத் தட்டித் திறக்கச் சொல்லிப் பேசுகிறார்.

"ஏம்பா, பெற பாத்தியாமே?"

"பாத்தேன் ஹஜ்ரத்."

"எங்க பாத்த?"

"இங்க, சிலியில."

"அங்க இப்ப என்ன நேரம்?"

"பொழுது சாஞ்சு மக்ரிபு முடிஞ்சிருச்சு."

"இங்க விடியப்போவுது, சுப்ஹு பாங்கு சொல்லியாச்சு. உன் தெருவுல பாதிப் பேரு நோன்பு வைக்காம சேமியா வறுக்கறான்." அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அது நீங்க இருக்கற ஊர் வானம். நீங்க நாளைக்குப் பெருநாள் கொண்டாடுங்க. இங்க எங்க வானத்துல நேத்து பெற தெரியல, எங்களுக்கு இன்னைக்கு முப்பதாவது நோன்பு. தங்கச்சி நல்லாருக்குதா?"

"வேலையா இருக்குது ஹஜ்ரத்."

"வேலையப் பாக்கச் சொல்லு. போன வச்சிரு."

திரும்பினேன். ரமோன், "ஏதாவது விபரீதமா?" என்று கேட்டார். "இல்லை. என் ஊர் முழுக்க என்னால் இன்று பட்டினியாக நோன்பு இருக்கப்போகிறது," என்றேன். பர்வீன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊருக்குப் போனா செத்த நீ," என்றாள்.

ஒரு மணி நேரம் வெளிச்சத்தைச் சேர்த்தபின் படம் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மழையில் நனைந்த ஓலைப்பாய் மாதிரி கோடு கோடாக இருந்தது. எல்லாப் பட்டைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு பளீரென்று ஒரு கோடு. இதுவா என்றேன்.

"இது உப்பு," என்றாள்.

"என்னது?"

"நெஜமா. நம்ம உப்புல இருக்கே சோடியம், அது மேல காத்துல கொஞ்சம் இருக்குது. அதோட வெளிச்சம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உலகத்தின் அந்தக் கோடியில், அந்த உயரத்தில், திரையில் நம் சரக்கு. ரமோனிடம் கையை நீட்டிக் காட்டினேன்.

"ரொம்ப சந்தோஷப்படாத. அதத்தான் மொதல்ல கழிக்கணும்," என்றாள் பர்வீன்.

கழித்தாள். உப்பு போனது. மிச்சமிருந்த மங்கலில் ஒரு பட்டையைப் பெரிதாக்கினாள். அடுத்தடுத்து இரண்டு கறுப்புக் கோடுகள், ஜோடியாக, சிவப்புப் பக்கம் வெகுதூரம் தள்ளி. இன்னொரு பட்டையை எடுத்தாள். அதே ஜோடி, அதே இடத்தில். எனக்கே தெரிந்தது. ரமோன் கைதட்டினார். "இரண்டு! ஒரே தூரம்! வாழ்த்துகள், டாக்டர்!"

"இன்னும் டாக்டர் இல்லை," என்றாள் பர்வீன். "இரண்டு போதாது."

எனக்குக் கோபம் வந்தது. "பெருநாளுக்கே ரெண்டு சாட்சி போதும். உனக்கு என்ன?"

"வானத்துல பெற ஒண்ணுதான். அத ரெண்டு பேரு பாத்தா முடிஞ்சுது. இங்க ஆயிரம் கெடக்குது. ரெண்டு ஒண்ணா நிக்கறது சும்மாகூட நடக்கும்."

மூன்றாவது பட்டையில் கோடுகள் வேறு இடத்தில் இருந்தன. முன்னால் நிற்கிற பைக். நான்காவது கேலக்ஸியே இல்லை, நம்முடைய கேலக்ஸியின் நட்சத்திரம் ஒன்று நடுவில் புகுந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பளியின் புலி முகம்தான் தெரிந்தது. மறுபடி வெளிச்சம் சேர்த்தார்கள், மறுபடி கழித்தாள். நான் டீ போட்டுக்கொண்டே இருந்தேன். என்னால் ஆனது அதுதான்.

கிழக்கு வெளுத்தபோது அவள் கணக்கில் அதே தூரத்தில் ஐந்து இருந்தன. அதில் மூன்று தெளிவு, இரண்டு சந்தேகம். இன்னும் பல பட்டைகளை ஊருக்குப் போய் நிதானமாகச் சுத்தம் செய்துதான் பார்க்கவேண்டும் என்றாள். அப்போது பெங்களூரிலிருந்து அவளுடைய சார் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். காய்ச்சல் படுக்கையிலிருந்து ஒரே கேள்வி. கொத்து உறுதியா? அடுத்த வாரம் ஒரு கூட்டம், அதில் அறிவித்துவிடலாமா?

"ஆமான்னு போடு. அஞ்சு இருக்குதுல்ல," என்றேன்.

அவள் ஒரு வரி தட்டினாள்.

"என்ன போட்ட?"

"இன்னும் பாக்கலன்னு போட்டேன்."

எனக்கு அப்போது பெருமையாக இருக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. எரிச்சலாக இருந்தது. உதவித்தொகை முடியப்போகிறது, பெரிய ஆள் சிரித்தது முதுகில் உறுத்துகிறது, கையில் ஐந்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறாளே என்று.

அன்று எங்களுக்குப் பெருநாள். மலையில் இரண்டே பேர் தொழுதோம். நாய் விட்டுவைத்த சேமியாவைத் தெரேசா அம்மாளின் அடுப்பில் நெய்க்குப் பதில் வெண்ணெயில் வறுத்துப் பாயசம் வைத்தேன். திராட்சை அவர் கொடுத்தார். ரமோன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "இதற்காகவே உங்கள் மதத்தில் சேரலாம்," என்றார். "முதலில் ஒரு மாதம் பட்டினி இரு," என்றார் தெரேசா. ரமோன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஊருக்கு வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து எனக்குப் 'பிறை பாய்' என்று பெயர். பேருந்து நிலையத்தில் பழக்கடைக்காரர், "ஏம்பா பெற பாய், அமாவாச எப்பன்னு கொஞ்சம் போன் போட்டு கேட்டுச் சொல்லேன்," என்பார். ஸஹரை விட்டு முழு நோன்பு இருந்தவர்கள் பார்வையிலேயே என்னைச் சுட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே போனேன். ஷார்ஜாவில் இதைவிடக் கேட்டிருக்கிறேன்.

உப்பு சீசன் தொடங்கி, பாத்திகளில் முதல் வெள்ளை கட்டும் நாட்களில் பர்வீன் போன் செய்தாள். நான் உப்பளத்துக்காரர் ஒருவருக்கு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"பதினோரு கேலக்ஸி. ஒரே தூரம். எல்லாம் சுத்தமா தெரியுது. கொத்துதான்."

"இப்பவாவது சாருக்கு சொன்னியா?"

"இப்பதான் சொன்னேன். உனக்கு ரெண்டாவதா சொல்றேன்."

மூட்டையைப் போட்டுவிட்டு லாரிமேல் ஏறி நின்று கத்தினேன். கீழே இருந்தவர்கள் எனக்கு லாட்டரி விழுந்ததாக நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய ஆள் பிறகு ஒரு கூட்டத்தில் அவளிடம் வந்து, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று கை கொடுத்தாராம். அவள் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் நின்றது. ரமோன் சொன்ன வார்த்தை உண்மையாகி, டாக்டர் ஆனாள்.

அடுத்த வருஷப் பெருநாளுக்கு அவள் ஊரில் இருந்தாள். இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம். நோன்பு திறந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் உப்பளத்துக் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் மேற்கே மரமோ மாடியோ மறைக்காது. மழைக்கு முந்தின காலம். பாத்திகளில் தண்ணீர் நின்றது. மேற்கில் அடிவானம் முழுக்க அழுக்குத் துணி மாதிரி மேகம். ஹஜ்ரத் நின்றார், ஜமாத்துப் பெரியவர்கள் நின்றார்கள், கரையில் ஆண்கள் வரிசை. பெண்கள் கொஞ்சம் தள்ளி. பர்வீன் அம்மாவோடு நின்றாள்.

"பெற பாய், உங்க தங்கச்சிய கேளுங்க. டெலஸ்கோப்பு டாக்டராச்சே," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சிரிப்பு.

ஹஜ்ரத் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, "ஏம்மா பர்வீனு, எந்தப் பக்கம் பாக்கணும்?" என்றார்.

அவள் முன்னால் வந்து கையை நீட்டினாள். சூரியன் இறங்கிய இடத்துக்கு இடது பக்கம், கொஞ்சம் மேலே. கரை முழுக்க அந்த விரலின் நேருக்குத் திரும்பியது. மேகம்தான் தெரிந்தது.

"அங்க இருக்குதா?" என்றார் ஹஜ்ரத்.

"இருக்குதுங்க."

கரையில் ஒரு சலசலப்பு ஓடியது. ஒரு வருஷமாக நான் வாங்கிய கிண்டல் அவ்வளவும் அந்த நிமிஷத்தில் தீர்ந்துவிடும் போல இருந்தது. நான் பக்கத்தில் போய் மெதுவாக, "அப்ப பாத்தேன்னு சொல்லேம்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மலைமேல் விடியற்காலையில் சாருக்கு ஒரு வரி தட்டியபோது இருந்த அதே முகம்.

"இருக்குதுங்க ஹஜ்ரத்," என்றாள் சத்தமாக. "ஆனா நான் பாக்கல."

தண்ணீரில் கொக்கு ஒன்று கால் மாற்றி நின்றது. ஹஜ்ரத் இன்னும் கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தார். வேறு யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். ஒருவரும் இல்லை.

"நாளைக்கு நோன்பு," என்றார். எல்லோரும் திரும்பி நடந்தோம்.

வழியில் பழக்கடைக்காரர் என் தோளில் தட்டி, "என்ன பாய், அவ்ளோ படிச்ச பொண்ணுக்கே பெற தெரியலியே," என்றார்.

"அதுக்குத் தெரியும்யா. பாக்கல, அவ்ளோதான்," என்றேன்.

மறுநாள் முப்பதாவது நோன்பு. வெயில் அடித்தது, லாரியில் லோடு இருந்தது, மத்தியானத்துக்குமேல் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாழ்நாளில் அவ்வளவு கர்வமாக நான் பசித்திருந்ததில்லை.